நடக்க இயலாதவர்

அன்று காலை சமையலறைக் கதவை மூட முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், தோளால் தள்ளிப் பார்த்தேன். நிலைக்கும் கதவுக்கும் நடுவே, மேல் பக்கத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்திருந்தது. மழைக்கு மரம் ஊறியிருக்கும் என்றார் நஸ்மியா மதினி. மரம் ஊறினால் கதவு இறுகும், இப்படி வாய் திறக்காது. அதை நான் சொல்லவில்லை. இருவருக்கும் பயம் வந்தால் அந்த வீட்டில் தைரியம் சொல்ல ஆள் இருக்காது.

எங்கள் வீடு பலாபத்வலையில் பெரிய வீதியை விட்டு மலைப் பக்கம் ஏறும் பாதையின் கடைசியில் இருந்தது. அதற்கு மேலே கிராம்புத் தோட்டமும் அதற்கும் மேலே பாறையும்தான். என் கணவர் சாலிஹ் மிளகும் கிராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒரு நாள் சாக்கைத் தூக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கில் வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பாதையில் இறங்கிப் போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். அதன்பிறகு அந்தப் பாதையை நான் மிதிக்கவில்லை. இத்தா இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருப்பது எங்கள் வழக்கம். அந்நிய ஆண்கள் பார்வையில் படக்கூடாது. துணைக்கு வந்து தங்கியவர்தான் சாலிஹின் அக்கா, நஸ்மியா மதினி.

மதினியின் மகன் நப்லான். சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவன். என் வீட்டில் தின்று வளர்ந்த பிள்ளைதான் என்றாலும் முறைப்படி அவனும் எனக்கு அந்நியன். அதனால் அந்த மாதங்களில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டேன். தினமும் சாமான் வாங்கி வந்து வாசல்படியில் வைத்துவிட்டு மூடிய கதவைப் பார்த்துக் கத்துவான்.

"மாமி! மீன் வச்சிருக்கேன். பூனைக்கு முந்தி எடுத்துருங்க!"

"என்ன மீன்டா?"

"சாளை. பூனை கேட்டது பாரை. காசு பத்தல்லன்னு சொல்லிட்டேன்."

"உம்மாவைப் பாத்துட்டுப் போயேன்."

"உம்மா வெளிய வரட்டும். நான் கிட்ட வந்தா ஜன்னல் பக்கம் உங்க நிழல் தெரியும். பள்ளி ஹஸ்ரத்துக்கு யாரு பதில் சொல்றது?"

விளையாட்டாகச் சொல்வான். ஆனால் உண்மையாகவே முற்றத்தின் மாமரத்தைத் தாண்டி வரமாட்டான். என் இத்தாவை என்னைவிட அவன்தான் கவனமாகக் காத்தான்.

சிவதர்ஷினி வந்ததும் அந்த மாதங்களில்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மண்சரிவு எச்சரிக்கைத் திட்டம் ஒன்றில் வேலை. மலையடி வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, ஒவ்வொரு போனிலும் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். என்னுடையது புதுப் போன். தனியாக இருக்கிறேன் என்று கொழும்பிலிருந்து மகள் அனுப்பியது. எங்கள் வீட்டில் முன்ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் சிக்னல் பிடிக்கும். ஆகவே அது அங்கேயே இருக்கும். மகள் கோல் எடுத்தால் ஜன்னலோரம் நின்று பேசுவேன்.

"முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சுதே அக்கா?" என்று என் வெள்ளைச் சேலையைப் பார்த்துக் கேட்டாள் சிவதர்ஷினி.

"எங்களுக்கு அப்படியில்ல மகள். நாலு மாசமும் பத்து நாளும் உள்ளேயே இருக்கணும்."

"ஐயோ, அவ்வளவு நாளே?" என்று இரங்கினாள். பிறகு வேலையை விளக்கினாள். "இது எல்லாருக்கும் ஒரே அறிவித்தல் குடுக்கிற சாமான் இல்லை அக்கா. ஆளைப் பாத்து, இடத்தைப் பாத்து மாத்தும். நடக்கிற ஆளுக்கு ஒரு வழி, வாகனத்தில இருக்கிற ஆளுக்கு வேற வழி, படுக்கையில கிடக்கிற ஆளுக்கெண்டால் தூக்க ஆள் அனுப்பும். பற்றரி குறைஞ்சால் தேவையில்லாததெல்லாத்தையும் தானே மறைச்சுப்போட்டு முக்கியமானதை மட்டும் காட்டும்."

"நாங்க என்ன செய்யணும்?" என்று மதினி கேட்டார்.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை அன்ரி. கேள்வி கேட்டுக் கரைச்சல் தராது. உங்களோடயே இருந்து, பாத்துப் பழகிக்கொள்ளும்."

"நல்ல மருமகள் மாதிரி" என்றார் மதினி. மூவரும் சிரித்தோம்.

தூக்கிச் செல்லும் தொண்டர்களாக ஊரின் இளைஞர்களைச் சேர்த்தார்கள். நப்லானும் அவன் கூட்டாளி அம்ஹரும் முதலில் பெயர் கொடுத்தவர்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்றும் செம்மஞ்சள் சட்டைகளும் கிடைத்தன. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நப்லான் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனான் என்று மதினி ஏசுவார்.

கதவு மூடாத அந்த நாளுக்கு வருகிறேன். மழை பிடித்துப் பல நாளாகியிருந்தது. முதல் நாளே கரண்ட் போய்விட்டது. மலையில் உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் காலையில் தேநீர் நிறத்தில் வந்தது. பிறகு சேறாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. இவ்வளவு மழையில் ஊற்று நிற்பதா? திறந்த குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே பெய்த தண்ணீரெல்லாம் எங்கே போயிருக்கும்? மண்ணுக்குள் போயிருக்கும். எங்களுக்கு மேலே உள்ள மண்ணுக்குள்.

நடுப்பகல் லுஹர் தொழுது ஸலாம் கொடுக்கும்போது இரண்டு போன்களும் ஒன்றாக அலறின. அப்படி ஒரு சத்தத்தை அவை அதற்கு முன் போட்டதில்லை. மதினி தன் போனை மூக்குக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உடனே வெளியேறுங்கள். கீழ்ப்பாதையால் பாடசாலைக்கு நடந்து செல்லுங்கள்."

நான் ஜன்னலுக்குப் போய் என்னுடையதைப் பார்த்தேன். பெட்டரி குறைந்திருந்தது. திரையில் வழக்கமாக இருக்கும் படங்களும் பெட்டிகளும் எதுவும் இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்: "நீங்கள் நடக்க இயலாதவர். இருக்கும் இடத்திலேயே இருங்கள். உங்களைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வருகிறார்கள்." அதன் கீழே "சரி" என்ற ஒரே ஒரு பொத்தான்.

"என்ன சொல்லுது உனக்கு?"

வாசித்துக் காட்டினேன்.

"உனக்கு எப்ப கால் போச்சு?" என்றார் மதினி. "நேத்து ராத்திரிகூட என்ட சம்பலுக்கு உப்புப் பத்தல்லன்னு துள்ளி எழும்பிப் போனியே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவதர்ஷினி சொன்னது நினைவுக்கு வந்தது. பார்த்துப் பழகும். அந்தப் போன் என்னிடம் வந்ததிலிருந்து எதைப் பார்த்தது? ஒரு ஜன்னல் கட்டையை. நான் ஒரு நாளும் அதோடு வாசலைத் தாண்டவில்லை. ஒரு நாளும் அடுத்த அறைக்குக்கூடப் போகவில்லை. அது என்னைப் பற்றி வேறு என்ன நினைக்கும்?

ஒரே வீட்டில் ஒருவருக்கு ஓடு என்றும் ஒருவருக்கு இரு என்றும் கட்டளை. "நீங்க போங்க மதினி" என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்று அவர் கதிரையில் சப்பென்று உட்கார்ந்தார். நானும் நகரவில்லை. அப்போது பின்பக்கம், சமையலறைக்கும் அப்பால், ஏதோ முறிந்தது. கிளை முறியும் சத்தம் அல்ல. பல்லைக் கடிப்பது போல, ஆழத்திலிருந்து வந்த சத்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம்.

போன் மறுபடி அதிர்ந்தது. "உங்களிடம் வருபவர்கள்: நப்லான், அம்ஹர். புறப்பட்டுவிட்டார்கள்."

"அல்ஹம்துலில்லாஹ். என்ட மகன் வாறான்" என்று மதினி எழும்பினார். முகம் மலர்ந்திருந்தது. அது ஒரு நொடிதான். "எந்தப் பக்கத்தால வாறான்?"

எனக்கும் அதே கேள்விதான். ஆட்டோ வரும் பாதையில் காலையிலேயே பலாமரம் குறுக்கே விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஷஸ்னா, கீழே போகும்போது கத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நடக்கிறவர்கள் வேலியோரமாக ஊர்ந்து தாண்டலாம். ஸ்ட்ரெச்சர் தூக்கி வருகிறவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு இருப்பது ஓடையோரமாகப் பாறைக்கு அடியில் ஏறும் குறுக்குப் பாதை ஒன்றுதான். அந்த ஊற்று இருக்கும் இடத்துக்கு நேர் கீழே.

மதினி மகனுக்கு எடுத்தார். சிங்களத்தில் ஒரு பெண் குரல் தொடர்பு இல்லை என்றது. மறுபடி எடுத்தார். மறுபடி அதே குரல். அந்தப் பெண்ணையே மதினி ஏசத் தொடங்கினார். அம்ஹருக்கு எடுத்தோம். அவனுக்கும் அதே. அந்த மழையில் குரல் போகவில்லை, ஆப்பின் சின்னச் சின்ன எழுத்துகள் மட்டும் எப்படியோ போய் வந்தன.

"அதுக்கிட்ட சொல்லேன், எனக்கு நடக்க ஏலும்னு!"

"சொல்ல இடமில்ல மதினி. சரின்னு ஒண்டுதான் இருக்கு."

"சரியா? என்ன சரி? ஒண்டும் சரியில்ல!"

போனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். இப்போதாவது பார்க்கட்டும் என்று. ஜன்னலை விட்டு நகர்ந்ததும் சிக்னல் கோடுகள் செத்துவிட்டன. அது பார்த்திருந்தாலும் யாரிடம் சொல்லும்? திரும்ப ஜன்னலுக்கு வந்தேன். "நீங்கள் நடக்க இயலாதவர்" என்றது அது, அமைதியாக.

அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு ஒரு வார்த்தைதான் புரியும், நடை. நான் பாதையில் இறங்கி, சிக்னல் உள்ள இடமெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என் கால்களைப் பார்த்துத்தான் அது நப்லானைத் திருப்பி அனுப்பும்.

வாசலில் வந்து நின்றேன். ஆபத்தென்றால் இத்தாவில் வெளியேறலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாவத்துக்குப் பயப்படவில்லை. பாதைக்குத்தான் பயந்தேன். சாலிஹைக் கொண்டுபோன பாதை அது. மழையில் அதன் மறுமுனை தெரியவில்லை.

"அல்லாஹ் உன்னை மண்ணுக்குள்ள கிடந்து இத்தா இருக்கச் சொல்லல்ல" என்று மதினி பின்னாலிருந்து தள்ளினார். கதவுக்குப் பின்னால் தொங்கிய சாலிஹின் மழைக்கோட்டை என் தலைக்கு மேல் போட்டார். மிளகு மணத்தது.

இறங்கினோம். பாதை முழுக்கப் பழுப்புத் தண்ணீர் ஓடியது. என் கால்கள் பாதையை மறந்திருந்தன. எங்கே கல், எங்கே பள்ளம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. ஷஸ்னாவின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. அடுத்த வீடும் அப்படித்தான். நான் வீட்டுக்குள் இருந்த காலத்தில் ஊரையே யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது. ஓரத்துக் கிராம்பு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன, எதையோ ஒட்டுக்கேட்பது போல. தாருக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. அதைத் தாண்டும்போது மதினி பிஸ்மி சொன்னார். நான் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

"பாத்து நட! அதைப் பாக்காதே, காலைப் பாரு!"

"அது பாக்குதான்னு பாக்கிறேன்."

"விழுந்தா உண்மையாவே நடக்க இயலாதவதான்!"

பலாமரத்தை வேலியோரமாக ஊர்ந்து தாண்டினோம். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. தூரத்தில் பெரிய லொறி ஒன்று கியர் மாற்றுவது போல மலை உறுமியது. மேலே பார்த்தேன். மூட்டம்தான் தெரிந்தது. அந்த மூட்டத்துக்குள் எங்கேயோ இரண்டு செம்மஞ்சள் சட்டைகள் என்னை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். "யா அல்லாஹ், இந்தச் சாமானுக்குக் கண்ணைக் கொடு" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பள்ளிவாசல் வளைவில் போன் துடித்தது. ஈரக் கையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நடந்து செல்வது தெரிகிறது. தொடர்ந்து பாடசாலைக்குச் செல்லுங்கள். உதவியாளர்களுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது."

மதினி அந்த மழையில் நின்று சத்தமாகச் சிரித்தார். கண்ணீரும் வந்தது. "இப்பதான் கண் திறந்திருக்கு கழுதைக்கு! வரட்டும் என்ட மகன். ஒரு நல்ல பிளேன்டீ ஊத்திக் கொடுத்துட்டு அந்தச் சட்டையைப் புடுங்கி அடுப்புல போடறேன்."

மீதிப் பாதையில் அவர் என் தோளைப் பிடித்து ஏறக்குறைய ஓடினார். எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் கால்கள் லேசாகிவிட்டன.

பாடசாலையில் பெண்களுக்கு ஒரு வகுப்பறை ஒதுக்கியிருந்தார்கள். என் வெள்ளையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு ஷஸ்னா எழும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், என்னைச் சுவரோரம் உட்கார வைத்துத் துவாயால் தலையைத் துடைத்தாள். மதினி மட்டும் உட்காரவில்லை. வாசலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்து, வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நப்லானைக் கண்டீங்களா? திரும்பி வாறானா?"

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இடி போல வெடிக்கவில்லை, நீளமாக வந்தது. மேசைகள் அதிர்ந்தன. குழந்தைகள் அழுவதற்குக்கூட அது முடியும்வரை காத்திருந்தன. முடிந்த பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மதினி வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்ஹர் தனியாக வந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. செம்மஞ்சள் எங்கேயும் தெரியவில்லை. வகுப்பறை வாசலில் நின்று என்னைப் பார்த்தான். இத்தாவையும் மறந்து நேருக்கு நேராகப் பார்த்தான். என் கால்களைப் பார்த்தான்.

"மாமி, நீங்கதானா நடந்தது?"

நான்தான் என்று தலையாட்டினேன்.

"மெசேஜ் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் வந்துச்சு. ஓடைகிட்ட நின்டு வாசிச்சோம். மாமி நடக்குறாவாம், திரும்புங்கன்னு. நான் திரும்புவோம்ன்டேன். அவன் சிரிச்சான். 'மாமியா? இத்தாவுல இருக்குற மாமி தெருவுல நடக்குறாவா? என்ட நிழலுக்கே ஜன்னலைச் சாத்துறவங்க. உம்மா ரெண்டு போனையும் கையில எடுத்துட்டு இறங்கியிருப்பா. மாமி மேல தனிய இருப்பாங்க'ன்டான். போனுக்குத் தெரியாதுடா, எனக்குத் தெரியும்ன்டான். நீ ஸ்ட்ரெச்சரோட இங்க நில்லு, நான் ஓடிப்போய்க் குரல் குடுத்துப் பாக்கிறேன்னு..."

மதினி தூணை விட்டுக் கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாதது போல இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார்.

மண்ணுக்குள்ளிருந்து அவனை எடுத்தது மழை விட்ட பிறகு. வீடு இருந்த இடத்தில் கதவு, ஜன்னல் எதுவும் இல்லை. முற்றத்து மாமரத்தை மட்டும் வேரோடு கண்டார்கள். அதற்குச் சற்றுக் கீழேதான் அவன் கிடந்தானாம். கடைசியிலும் மாமரத்தைத் தாண்டவில்லை. அவன் முகத்தை எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. குரல் போதும் என்றிருந்தது.

மிச்ச இத்தாவை மாத்தளையில் என் தங்கை ஜெஸீமாவின் வீட்டில் இருந்தேன். நகரத்து வீடு, பக்கத்தில் எந்த மலையும் இல்லை. ஆனாலும் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பேன், குழாயைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பேன். மதினி எங்களோடுதான் இருந்தார். வேறு எங்கே போவார்?

ஒரு நாள் சிவதர்ஷினி வந்தாள். உட்காரவே இல்லை. "எல்லாத்தையும் மாத்திட்டம் அக்கா" என்று அழுதாள். "இனி ஆளைக் கேட்டுத்தான் பதியும். உங்களால நடக்க ஏலுமோ எண்டு முதல்லயே கேக்கும்."

மதினி அவளுடைய கையைப் பிடித்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். "ஒண்டு மட்டும் சொல்லு மகள். போன் நடந்தா அதுக்குத் தெரியும். யாரு தூக்கிட்டு நடக்குறான்னு தெரியுமா?"

சிவதர்ஷினி தரையைப் பார்த்தாள். "இல்லை அன்ரி."

"அப்ப என்ட மகன் கேட்டது நியாயமான கேள்விதான்" என்றார் மதினி.

அதற்கு அடுத்த காலையில் ஜன்னல் கட்டையில் என் போனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். மதினி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெஸீமாவின் முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கிணற்றடிவரை போய், மதிலோரமாகத் திரும்பி, கேற்றுக்கு வந்து, மறுபடி கிணற்றடி. உள்ளே வந்து போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார். மறுநாளும் நடந்தார். அதற்கு மறுநாளும்.

இத்தா முடிந்த அன்று குளித்து நிற உடுப்பு உடுத்தினேன். முற்றத்துக்கு இறங்கி அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"குடுங்க மதினி. இனி நானே கொண்டு நடக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். என் உடுப்பையும் என் கால்களையும் பார்த்தார். போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மழை வரப்போகுது, நீ உள்ள போ" என்றார். "நான் ஒரு சுத்து சுத்திட்டு வாறேன். இது சும்மா கிடந்தா ஆள் அனுப்பிரும்."